வேய்ந்த சுவர்

குற்றாலத்தில் வீடு கட்ட நினைக்கிற எவனும் முதலில் கூரையைப் பற்றித்தான் பேசுவான். சீசனுக்கு முந்தி என் கடைப் படியேறுகிற எல்லாருக்கும் அதே பேச்சுதான். கூரைக்குத் தகரம் வேண்டும், கூரைக்கு ஷீட்டு வேண்டும், ஓட்டுக்கு அடியில் விரிக்கத் தார்ப்பாய் வேண்டும். சுவருக்கு என்ன போடலாம் என்று ஒருவன் கேட்டு நான் பார்த்ததில்லை. மழை என்றால் மேலே இருந்துதான் விழும் என்று முடிவு கட்டிவிட்டவர்கள். எங்கள் பக்கத்துச் சாரலோ ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து மேற்கே இருந்து படுக்கைவாட்டில் வரும். குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடக்கிறவன் உள்ளூர்க்காரன், தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நனைகிறவன் வெளியூர்க்காரன். குடை பிடிக்கும்போது இருக்கிற இந்த அறிவு வீடு கட்டும்போது மட்டும் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் அருமைநாயகம். தென்காசியில் தேரடிக்குப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். ஆணி, கீல், தகரம், சிமெண்டு ஷீட்டு எல்லாம் உண்டு. எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஊரில் பாதிப் பேர் என்னை முன்கோபி என்பார்கள். மீதிப் பேரிடம் நான் இன்னும் வியாபாரம் செய்யவில்லை. இப்படிப்பட்ட நான் ஒரு மனுஷியைப் பார்த்து வாயடைத்து நின்றேன் என்றால் அது என் தங்கை ஜெபமலரைப் பார்த்துத்தான். அவள் கட்டிய குடிலின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் புருஷன் நல்லதம்பி போட்டோகிராபர். தென்காசியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. மற்ற மாதங்களில் கல்யாணம், காதுகுத்து என்று பிழைப்பு ஓடும். ஆனி, ஆடியில் ஜனமெல்லாம் குற்றாலத்தில் இருப்பதால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவான். அழுகிற பிள்ளையையும் முறைத்துக்கொண்டிருக்கிற சம்பந்திகளையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைக்கத் தெரிந்தவன். ஆனால் டார்க் ரூமுக்குள் அவனுக்குப் பொறுமை கிடையாது. அது ஜெபமலரின் ராஜ்யம். கல்யாணமான புதிதில் கூடமாட உதவி செய்யப் போனவள், கொஞ்ச நாளில் அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அவள் கை போகிற அழகை நான் பார்த்திருக்கிறேன். வெறுமையாகக் கிடக்கிற காகிதத்தை மருந்துத் தண்ணீர்த் தட்டில் போட்டு ஆட்டுவாள். ஒரு குடும்பமே அதில் மெல்ல வந்து உட்காரும். "இத எத்தன தடவ பாத்தாலும் எனக்குப் புதுசாத்தான் இருக்கு அண்ணே" என்பாள். தேவன் மனுஷனைப் படைத்தபோது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பாதிரியார் கேட்டால் கோபிப்பார் என்று சொல்லவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷத்துச் சீசனில் ஐந்தருவி ரோட்டில் ஒரு ஓலைத்தட்டி அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். ஆடி பிறந்ததும் சாரல் தட்டியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. காகிதம், பிலிம், காயப்போட்ட படம் எல்லாவற்றிலும் பூசணம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து புதுமணத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. அவர்கள் படத்தை வாங்கிப் பார்த்தால் மாப்பிள்ளையின் முகம் முழுக்கத் தேமல். பெண்ணின் தகப்பனார் ரோட்டில் நின்று சத்தம் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. எல்லாரையும் சிரிக்க வைக்கிற நல்லதம்பி தலையைத் தொங்கப் போட்டு நின்றான்.

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து சொன்னான்: "மச்சான், இன்னும் ஒரே ஒரு சீசன் பாப்பேன். அதுலயும் படம் கெட்டுதுன்னா கேமராவ வித்துட்டுத் தூத்துக்குடிக்குப் போயிருவேன். எங்க மாமா அவரு உப்பளத்துல கணக்கு எழுதக் கூப்பிடுதாரு. உப்புக்கும் மழை ஆகாது, எனக்கும் ஆகாது."

சொன்னால் செய்கிறவன் அவன். தூத்துக்குடியில் அவனுக்கு நாற்காலியும் மேசையும் கிடைக்கும். ஜெபமலருக்கு என்ன கிடைக்கும்? சமையலறையும் உப்புக்காற்றும் கிடைக்கும், டார்க் ரூம் கிடைக்காது. அவனோடு வந்திருந்த அவள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. அவன் போனதும் என்னிடம் வந்து, "அண்ணே, ஒங்க கடையில இருக்க தகரத்துலயும் ஷீட்டுலயும் கையகலத்துக்கு ஒவ்வொரு துண்டு வெட்டித் தாங்க" என்றாள்.

"எதுக்குட்டி?"

"நம்மகிட்ட படம் எடுக்க வார இலஞ்சிக்காரர் ஒருத்தர் ஐந்தருவி ரோட்டுல ஒரு துண்டு நெலம் தாரேன்னு சொல்லியிருக்காரு. நாமளே ஒரு குடில் கட்டப் போறோம். கூரைக்கு ஓடு போட்டு உள்ள பலகையில மச்சு அடிச்சிரலாம், அதுல எனக்குப் பயமில்ல. வெளிச்சுவருக்கு எது தாங்கும்னு பாக்கணும்."

"இதுல பாக்க என்ன இருக்கு? நம்ம கடையில சிமெண்டு ஷீட்டு இருக்கு. கரையான் அரிக்காது, தீப்பிடிக்காது, ஆயுசுக்கும் கெடக்கும். நாளைக்கே வண்டியில ஏத்துதேன்."

"ஏத்தலாம் அண்ணே. மொதல்ல துண்டு தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் சரக்கை என் தங்கையே நம்பவில்லை. இருந்தாலும் வெட்டிக் கொடுத்தேன்.

அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். பிஸ்கட் டின் அளவில் மரப்பெட்டிகள் செய்யச் சொன்னாள். மூலைமுடுக்கெல்லாம் தார் பூசி, ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்தாள். ஒரு பெட்டியின் திறந்த பக்கத்தைத் தகரத்தால் அடைத்தாள், அடுத்ததை ஷீட்டால், அடுத்ததை மாம்பலகையால், அதற்கடுத்ததைப் பனம்பலகையால். கடைசிப் பெட்டிக்குச் செங்கோட்டை மரக்கடையிலிருந்து காட்டுப்பலா என்கிற அயினி மரத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்திருந்தாள். டார்க் ரூமுக்குள் வைத்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் படம் போடுகிற புதுக் காகிதம் ஒன்றைக் குத்தி மூடினாள். பிறகு பெட்டிகளைக் கொண்டுபோய் அந்த நிலத்துப் பாறையின் மேல் மேற்குப் பார்த்து வரிசையாகக் கட்டி வைத்தாள்.

"வெளிச்சம் புகுந்துச்சுன்னா காகிதம் கறுத்துரும். ஈரம் புகுந்துச்சுன்னா பூசணம் புடிச்சுரும். நமக்கு வேண்டாத ரெண்டையும் அதுவே காட்டிக் குடுத்துரும் அண்ணே" என்றாள்.

நானும் பத்து வருஷமாகத் தகரமும் ஷீட்டும் விற்கிறேன். வாங்கிப் போனவன் வந்து சண்டை போட்டால்தான் சரக்கின் லட்சணம் எனக்குத் தெரியும். விற்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆடிச் சாரலும் ஆவணிக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அந்தப் பெட்டிகளின் மேல் அடித்தன. குரங்குகள் வேறு வந்து உருட்டிப் பார்த்தன. தை பிறந்ததும் பெட்டிகளைத் தென்காசிக்குக் கொண்டுவந்து டார்க் ரூமில் வைத்துத் திறந்தாள். நானும் நல்லதம்பியும் பக்கத்தில் நின்றோம்.

மாம்பலகைப் பெட்டியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. பலகை ஊதி வாயைப் பிளந்திருந்தது, உள்ளே காகிதம் கஞ்சியாகக் கிடந்தது. பனம்பலகை கல் மாதிரி இருந்தது. ஆனால் காய்ந்ததும் நாருக்கு நார் விட்டுப்போயிருந்தது. மருந்துத் தண்ணீரில் போட்டதும் காகிதத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. தகரத்தில் வெளிச்சம் துளி இல்லை, ஆனால் அது உட்பக்கம் வேர்த்து, காகிதம் அதோடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. அடுத்து என் ஷீட்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளிப்பக்கம் பாசி பூத்திருந்தது. ஆணி அடித்த இடத்திலிருந்து ஒரு விரிசல். உள்ளே காகிதத்தில் வட்ட வட்டமாக ஈரம்.

"நீ ஆணி அடிச்சது சரியில்லட்டி" என்றேன்.

"ஆணியும் ஒங்க கடை ஆணிதான் அண்ணே."

நல்லதம்பி இருட்டில் சிரித்தான். போன ஆடிக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

கடைசியாக அயினி. பலகையின் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. காகிதத்தை எடுத்து மருந்தில் போட்டாள். ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. கறுப்பும் இல்லை, பூசணமும் இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த வெள்ளை அப்படியே இருந்தது. ஒரு படமும் இல்லாத அந்தக் காகிதத்தை அவள் கிளிப்பில் மாட்டிக் காயப்போட்டாள். அதன் முன்னால் நின்று அவள் பார்த்த பார்வையை, பிறந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை என்றுதான் சொல்ல வேண்டும்.

செங்கோட்டையில் முகம்மது மீரான் ராவுத்தரின் மரக்கடைக்கு மூன்று பேரும் போனோம். ராவுத்தர் அயினியை மலையாளத்துக்காரர் மாதிரி ஆஞ்ஞிலி என்றுதான் சொல்லுவார். "கொல்லத்துல வள்ளம் கட்டுத மரம் இது. தண்ணியிலயே கெடக்கும், அழுகாது. கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். ஜெபமலர் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு எடுத்தாள். ஒவ்வொரு பலகையையும் வெயிலில் நிறுத்தி ஓரம் பார்த்தாள். வைரம் பாயாமல் ஓரத்தில் வெளுத்திருந்ததை ஒதுக்கினாள். தட்டிப் பார்த்தாள். முடிச்சு இருந்தால் அதன் மேல் விரலை அழுத்திப் பார்த்தாள். ஒதுக்கிய குவியல் எடுத்த குவியலை விடப் பெரிதானது.

ராவுத்தர் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இந்தப் புள்ள மாப்பிள்ள பாக்கப் போயிருந்தா ஒருத்தனும் தேறியிருக்க மாட்டான்" என்றார்.

"நான் தேறியிருக்கேன் ராவுத்தரே" என்றான் நல்லதம்பி.

"அதான் பாக்கேன். அன்னைக்கு வெளிச்சம் பத்தாம இருந்திருக்கும்."

சித்திரையில் வேலை ஆரம்பித்தது. சொரிமுத்து ஆசாரி என்றால் தென்காசி வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. அவர் செய்த கதவில் இடுக்கு இருக்காது, அவர் பேச்சிலும் இடுக்கு இருக்காது. ஜெபமலர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஆசாரியாரே, உள்ள பொட்டு வெளிச்சம் வரப்படாது." அவருக்கு அது போதுமாக இருந்தது. பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றின் ஓரத்தில் காடிப் பள்ளம் எடுத்து இன்னொன்றின் நாக்கை அதில் இறக்கி, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி இறுக்கினார். "தங்கச்சி, இதுல ஒரு நூல் வெளிச்சம் வந்துச்சுன்னா என் உளியச் சித்தாத்துல போட்டுட்டுப் போறேன்" என்றார். முந்திரிக்கொட்டை எண்ணெயைக் காய்ச்சி வெளிப்பக்கம் பூசினோம். ஆணி மட்டும் என் செலவு. துருப்பிடிக்காத துத்தநாகப் பூச்சு ஆணியாகப் பொறுக்கிக் கொடுத்தேன். முந்தி அவள் சொன்ன ஆணிப் பேச்சை நான் மறந்திருக்கவில்லை.

வைகாசி உச்சி வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தோம். கதவுக்கு உள்பக்கம் டார்க் ரூமில் வழக்கமாகப் போடுகிற கறுப்புத் திரை இரண்டு தொங்கின. என் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினேன், தெரியவில்லை. கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருட்டு. வெளியே வந்து ஆசாரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம். போட்டோ எடுக்கிறவன் வெளிச்சத்துக்குப் பயப்படுகிற மாதிரி மழைக்குப் பயப்பட மாட்டான். நாங்கள் எல்லாரும் அந்த வெளிச்சப் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். சித்திரை வெயிலில் காய்ந்த பலகை குற்றாலத்துச் சாரலில் என்ன செய்யும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆனி முதல் வாரம் மலை மறைந்தது. சாரல் இறங்கியது. அருவியில் தண்ணீர் விழுகிற சத்தம் ஐந்தருவி ரோட்டுக்கே கேட்டது. ஜனம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடியது. நல்லதம்பி கேமராவைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். மறுநாளே ஜெபமலர் ஆள் அனுப்பினாள். நானும் ஆசாரியும் பஸ் பிடித்துப் போனோம்.

மேற்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. பலகைகள் ஈரம் குடித்து ஊதியிருந்தன. பக்கத்தில் ஊதுவதற்கு இடமில்லை, இடம் வைக்காமல்தானே இறுக்கியிருந்தோம். ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளி, நடுவில் இரண்டு பலகை ஆணியோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. அந்த இடுக்கு வழியாகச் சாரல் நேராக உள்ளே அடித்தது. பெட்டியில் இருந்தபோது ஒற்றைப் பலகை நல்ல பிள்ளையாக இருந்தது. தோளோடு தோள் சேர்த்து நிறுத்தினதும் கூட்டுக் குடும்பத்துக் குணம் வந்துவிட்டது.

சொரிமுத்து ஆசாரி பையிலிருந்து உளியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி ஆற்றைப் பார்த்து நடந்தார். ஜெபமலர் பின்னால் ஓடிக் கையைப் பிடித்தாள். "உளியப் போட்டுட்டா நாளைக்கு எத வச்சு வேல செய்வீய? சீசன் முடியட்டும், நானே போடச் சொல்லுதேன்."

நல்லதம்பி ஒரு பழைய பெட்டியை எடுத்து, வைக்கோல் பரப்பி, கேமராவைத் துணியில் சுற்றி உள்ளே இறக்கினான். மூடியின் மேல் ஆணியையும் சுத்தியலையும் வைத்தான். "திருநெல்வேலியில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தாரு மச்சான். சாரல் விட்டதும் கொண்டுபோய்க் குடுத்துட்டு அப்படியே தூத்துக்குடிக்குப் போறேன்." எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. ஆனால் எந்த முகத்தோடு திட்டுவது? போன வருஷம் ரோட்டில் தலை குனிந்து நின்றவன் அவன்தான், நான் இல்லை.

ஜெபமலர் உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அழுகிறாள் என்று நினைத்து நான் திரையை விலக்கினேன்.

"விலக்காதீய அண்ணே!" என்று கத்தினாள். "அப்படியே விடுங்க. ரெண்டு திரைக்கும் நடுவுல புகுந்து உள்ள வாங்க, ஆசாரியாரையும் கூப்பிடுங்க."

நாங்கள் உள்ளே போனோம். பிய்ந்த சுவர் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தும், திரைப்பக்கம் மட்டும் கும்மிருட்டாக இருந்தது.

"இந்தத் திரை ரெண்டும் ஒட்டியா இருக்கு? இல்லல்லா? நடுவுல ஒரு ஆளே புகுந்து வாரோம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு, அவ்வளவுதான். ஆனாலும் வெளிச்சம் வரல. ஏன்னா வெளிச்சத்துக்கு வளைஞ்சு வரத் தெரியாது." அவள் ஓடிப்போய்ப் பிய்ந்த சுவரில் கையை வைத்தாள். "தண்ணிக்கு மேல ஏறி வரத் தெரியாது ஆசாரியாரே. பலகைய நிறுத்த வேண்டாம், படுக்கப் போடுவோம். கீழ இருந்து ஆரம்பிச்சு, மேல் பலகை கீழ்ப் பலகை மேல நாலு விரக்கட ஏறிக் கெடக்கட்டும். காத்து தள்ளினாலும் அவ்வளவு ஒசரத்துக்குத் தண்ணி ஏறாது. ஊதுனா ஊதட்டும், காஞ்சா காயட்டும். அதுக்கு வேணுங்குத எடத்த நாம குடுத்துருவோம்."

ஆசாரி திரையை ஒரு தரம் இழுத்து விட்டுப் பார்த்தார். "கூரையத்தான் வேய்வாங்க தங்கச்சி. சொவர எவனாவது வேய்வானா?"

"குத்தாலத்துல மழை சொவத்துலதான பெய்யுது?"

அவர் உளியை எடுத்துச் செருப்பில் தீட்டினார். அப்போதே அவர் சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் கழித்து, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி, "அப்படின்னா ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வரிசை ஆணிதான் அடிக்கணும். ரெண்டு வரிசை அடிச்சா அசைய விடாது, நடுவுல பிளந்துரும்" என்றார்.

"அத நீங்கதான் சொல்லணும், எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜெபமலர். ஆசாரிக்கு முகத்தில் பழைய களை வந்தது.

ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் பலகை கூடுதலாக வேண்டும். ராவுத்தரிடம் காய்ந்த அயினி மிச்சமில்லை, பச்சை மரம்தான் இருந்தது. ஜெபமலர் குடிலை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கிழக்குச் சுவர் முன்னால் நின்றாள். அங்கே ஒரு சொட்டு நனையவில்லை. "இந்தப் பலகை எல்லாத்தையும் எடுத்து மத்த மூணு பக்கத்துக்கும் போட்டுருவோம். அண்ணே, இந்தப் பக்கத்துக்கு ஒங்க ஷீட்டு தாங்க."

"இப்பத்தான் என் ஷீட்டு கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்?"

"நல்ல ஷீட்டுதான் அண்ணே. மழைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னா யாருக்கும் நல்லாத்தான் இருக்கும்."

இதைக் கேட்டு ஆசாரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இருந்தாலும் அன்றைக்கே வண்டியில் ஷீட்டு ஏற்றி அனுப்பினேன்.

சாரல் விட்ட நேரம் பார்த்து வேலை நடந்தது. விடாத நேரத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நடந்தது. பலகையை நானே பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு அது பழக்கமில்லாத வேலை. ஜெபமலர் ஒவ்வொரு பலகைக்கும் விரலை வைத்து ஏற்றம் சரிபார்த்தாள். நல்லதம்பி மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கடைசிப் பலகை ஏறும்போது அவனும் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தான்.

வேலை முடிந்ததும் ஜெபமலர் தன் பழைய வித்தையையே செய்தாள். மேற்குச் சுவரின் உட்பக்கம் வரிசையாகக் காகிதங்களைக் குத்தி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சரியாக அந்த நேரம் பார்த்து, அந்த வருஷத்துச் சாரலிலேயே முரட்டுச் சாரல் ஆரம்பித்தது. ஒரு வாரம் ஓயவில்லை. ஐந்தருவியில் குளிக்க விடவில்லை, ரோட்டில் மரம் விழுந்தது. எதிரே இருந்த ஓட்டல்காரரின் கூரையில் ஒரு தகரம் பறந்துபோனது. அதுவும் என் கடைத் தகரம்தான்.

விட்டதும் ஒரு பகலில் எல்லாரும் போனோம். சுவர் ஊதியிருந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் ஒரு பலகைகூட அடுத்ததைத் தள்ளவில்லை. ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டு, சாவகாசமாகப் படுத்துக் கிடந்தன. நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு பலகையாகத் தடவிக் கொடுத்தேன். பலகையைப் போய் ஒருவன் தடவிக் கொடுப்பானா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு நீங்கள் அங்கே நின்றிருந்தால் தெரியும்.

"நீங்க உள்ள போய்ப் பாருங்க" என்றாள் ஜெபமலர் தன் புருஷனிடம். அவள் போகவில்லை.

நல்லதம்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். இருட்டில் கண் பழக நேரமாகும், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் கண் பழகியும் அவன் வரவில்லை. ஆசாரி துண்டைப் பிழிந்தார், மறுபடியும் பிழிந்தார். ஜெபமலர் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றாள், உதடு மட்டும் அசைந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மருந்தில் காகிதத்தைப் போட்டுப் பார்க்கிறான்.

கதவு திறந்தது. அவன் கையில் ஈரக் காகிதங்கள். எல்லாம் வெள்ளை. அவன் எங்களைத் தாண்டிப் போய், வைக்கோல் பெட்டிக்குள் கையை விட்டுக் கேமராவை வெளியே எடுத்தான். காலிப் பெட்டியைக் கவிழ்த்து டார்க் ரூமுக்குள் தள்ளினான். "தட்டு வைக்க மேச இல்லேன்னு சொன்னியே, இது ஆகும்லா?" என்றான்.

பிறகு கேமராவை மேற்குச் சுவருக்கு எதிரே நிறுத்தினான். "மலரு, அங்கன நில்லு."

"நானா? தல கலைஞ்சு கெடக்கு. அருவிப் பக்கம் ஆளு நிக்காங்க, அவங்கள எடுங்க."

"நிக்கச் சொன்னா நில்லுட்டி."

எத்தனையோ பேர் முகத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் அவள். கல்யாணத்தன்று எடுத்ததைத் தவிர அவளுக்கென்று ஒரு படம் கிடையாது. ஈரச் சேலையோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்தச் சுவர் முன்னால் நின்றாள். சம்பந்திகளையே சிரிக்க வைக்கிறவன் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. அவள் தானாகவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தை அவளே போட்டாள். நான் ஓரமாக நின்றேன். சிவப்பு வெளிச்சத்தில் தட்டை ஆட்டினாள். முதலில் பலகைக் கோடுகள் வந்தன, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக. பிறகு சேலை. பிறகு முகம். அந்த முகத்தில் ஒரு புள்ளி இல்லை, ஒரு தேமல் இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, பாருங்களேன், ஒரு பலகை கூட வளையல" என்றாள்.

வெளியே நல்லதம்பிக்குப் பொறுக்கவில்லை. சுவரில் தட்டினான். "ஏட்டி, என்ன ஆச்சு? வந்துட்டா? சொல்லேன்!"

அவள் படத்தைத் தண்ணீரில் அலசி எடுத்து, போன தை மாதத்து வெள்ளைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கிளிப்பில் மாட்டினாள். அதை அவள் தென்காசியிலிருந்து கொண்டுவந்து அங்கே மாட்டி வைத்திருந்தாள். பிறகு உட்பக்கமிருந்து பலகையில் திருப்பித் தட்டினாள்.

"அடுத்த ஆள நிக்க வைங்க!" என்றாள்.